குளிசைக்காகக் காணியை ஈடு வைப்பதா?

சுவாசப்பையிலே தோன்றிய புற்றுநோய் பிற உறுப்புகளுக்கும் பரவிவிட்டது என்று வைத்தியர் கூறிய மாத்திரத்தே, "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று தலையசைக்கும் கூட்டமொன்று நம்மிடையே இருக்கின்றது. சுற்றத்தார் அறியாமையால் அவ்வாறு சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். பொது மக்களின் பணத்திலே மருந்து வாங்கும் பொறுப்பினை ஏற்றவர்கள் அதனையே வாதமாக்கி, "மாறாத நோய்க்குச் செலவு எதற்கு?" என்று வினவுவாராயின் நாம் வாளாவிருத்தல் தகுமா?

மாறாத நோய்தான், மறுத்தவர் யார்? நீரிழிவும் மாறாத நோயே. அதற்காக இன்சுலின் வாங்குவதை எந்த அரசாவது நிறுத்தியதுண்டா?

2004ஆம் ஆண்டிலே அறிவியலாளர் ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். உயிரணுவின் மேற்புறத்திலே, வளர்ச்சிக்கான கட்டளையை உள்ளே செலுத்தும் வாயில் ஒன்று உண்டு. ஈ.ஜீ.எவ்.ஆர். என்பது அதன் பெயர். அதனை ஆக்கும் மரபணுவிலே பிறழ்வு நேர்ந்துவிட்டால், கட்டளை ஓய்வின்றிப் பிறந்துகொண்டேயிருக்கும். உயிரணுவும் கட்டின்றிப் பெருகும். கெவிற்றினிப், எர்லொற்றினிப், பின்னர் வந்த ஒசிமேற்றினிப் ஆகிய குளிசைகள் அந்த வாயிலை அடைப்பன. நாளொன்றுக்கு ஒரு குளிசை, வீட்டிலிருந்தே விழுங்கலாம். நாளத்திலே மருந்தேற்றுவதற்காக வைத்தியசாலைக் கட்டிலிலே கிடக்க வேண்டுவதில்லை. முகத்திலும் மார்பிலும் பரு எழும், வயிற்றோட்டம் உண்டாகும், நகக்கண் புண்ணாகும். இவற்றைக் கண்டு அஞ்சித் தாமாகவே குளிசையை நிறுத்துவோர் உளர். வைத்தியரிடம் காட்டினால் பெரும்பாலும் தணிக்கக்கூடியவையே அவை. புதிதாக மூச்சுத் திணறல் கண்டால் மட்டும் ஒரு கணமும் தாமதித்தலாகாது. எர்லொற்றினிப்பை வெறும் வயிற்றிலேயே உண்ண வேண்டும். நெஞ்செரிவுக்கு உண்ணும் ஒமிப்பிறசோல் அதன் வலுவைக் குறைக்கும்; சுருட்டும் குறைக்கும்.

சுருட்டு என்றதும் ஒரு குரல் எழும். "குடித்தான், அனுபவிக்கிறான்" என்பது அக்குரல். புகையிலைத் தோட்டத்தின் வருவாயிலே பிள்ளைகளைப் படிப்பித்த ஊர்களிலிருந்தே இக்குரல் எழுவது வியப்புக்குரியது! அது நிற்க. இந்த மரபணுப் பிறழ்வு புகைத்தவரைக் காட்டிலும் ஒருநாளும் புகைக்காதவரிடத்திலேயே மிகுதியாகக் காணப்படுகின்றது. ஐரோப்பிய இனத்து நோயாளரிலும் பார்க்கக் கிழக்காசிய நோயாளரிடத்தே பன்மடங்கு மிகுதி. அடுப்படியை விட்டு அகலாத தாய்க்கும் வரும். அவள் செய்த குற்றம் யாது?

இனி நாம் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருவோம். இக்குளிசை எல்லார்க்கும் உரியதன்று. கிழக்காசிய நாடுகளிலே 1,217 நோயாளரைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனை ஐயமற நிறுவியது. மரபணுப் பிறழ்வு உள்ளவர்களில் நூற்றுக்கு 71.2 பேரின் கட்டி கெவிற்றினிப்பால் சுருங்கியது. பிறழ்வு இல்லாதவர்களிலோ நூற்றுக்கு 1.1 பேருக்கு மட்டுமே பயன் கிட்டியது. அவர்களுக்கு வழமையான மருந்தேற்றலே நன்மை தந்தது. எனவே, சோதியாது குளிசை கொடுப்பது ஒருவனுக்கு உரிய காலத்தைத் திருடுவதாகும். சோதித்துவிட்டு, "உனக்கு இது பலன் தரும், ஆனால் எம்மிடம் இல்லை" என்று அனுப்புவதோ அதனினும் கொடுமை.

அவ்வாறு அனுப்பப்பட்டவர்கள் எங்கே போகின்றார்கள்? நொத்தாரிசுகளாகிய எம்மிடம் வருகின்றார்கள். ஈட்டு உறுதி முடிக்க வருவோரிடம் காரணம் கேட்பது எமது வழக்கமன்று. சிலர் கேளாமலே சொல்லிவிடுகின்றனர். நாலு பரப்புத் தோட்டக் காணி. கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதப்படுகின்றது. கடன் முடியுமுன் நோயாளி முடிந்துபோவதும் உண்டு. ஓய்வூதியம் பெறும் ஆசிரியரின் நிலையும் இதனின் வேறன்று.

"விலையை நாம் என்செய்வது? ஆக்கவுரிமை அவர்களுடையது" என்பார் அடுத்த வாதக்காரர். சட்டம் படித்தோரும் இவ்வாறு சொல்வதுதான் எமக்கு வெட்கம். புதிது கண்டவனுக்கு இருபது ஆண்டுத் தனியுரிமை அளிப்பது சட்டம். ஆயினும் அச்சட்டத்துக்கும் எல்லை உண்டு. தில்லி மேல் நீதிமன்றத்திலே றோஷ் நிறுவனம் சிப்லா நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கைப் பாருங்கள். வழக்கு இதே எர்லொற்றினிப் பற்றியது. றோஷின் குளிசை ஒன்று 4,800 ரூபா. சிப்லாவினது 1,600 ரூபா, இந்திய நாணயத்தில். இடைக்காலத் தடை கேட்டது றோஷ். உயிர்காக்கும் மருந்து மக்களுக்கு எட்டும் விலையிலே கிடைப்பதும் தராசிலே வைக்கவேண்டிய பொருளே எனக் கொண்டு, 2008 மார்ச்சிலே நீதியரசர் ரவீந்திர பட் தடை வழங்க மறுத்தார். 2009இலே மேன்முறையீடும் தோற்றது. 2015இலே சிப்லா உரிமையை மீறியதென்றே அந்நீதிமன்றம் இறுதியிற் கண்டது. இதனை மறைத்து வாதாடுவது நேர்மையன்று. எனினும் ஆக்கவுரிமை 2016 மார்ச்சிலே முடிவடைய இருந்தமையால், அப்போதும் விற்பனையைத் தடுக்கவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளிலே மூன்றிலொரு பங்கு விலையில் நோயாளர் குளிசை பெற்றனர்.

இந்தியாவை விடுங்கள். நம் நாட்டு உயர் நீதிமன்றமே இதிலே பேசியிருக்கின்றது. 2003ஆம் ஆண்டு புலமைச் சொத்துச் சட்டமூலம் அதன் முன் வந்தபோது, 2001இல் டோஹாவிலே உலக வர்த்தக நாடுகள் ஒப்புக்கொண்ட பாதுகாப்புகள் அதில் இடம்பெறாமை அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரைக்கு முரண் என்று தீர்மானித்தது. வளர்ந்த நாட்டையும் வளரும் நாட்டையும் ஒரே கயிற்றாற் கட்டுவது சமத்துவமாகாது என்பதே அதன் சாரம். கட்டாய உரிமமும், மலிவான இடத்திலிருந்து இறக்குமதி செய்தலும் அப்பாதுகாப்புகளில் அடங்கும். மருத்துவ அறிஞர் சேனக பிபிலேயின் முயற்சியால் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை 1971இலேயே கண்ட நாடு, மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்கும் வித்தையை இன்னொருவரிடம் கற்க வேண்டுமா?

உலகச் சுகாதார நிறுவனம் 2019இலே எர்லொற்றினிப்பையும் அதற்கு மாற்றாகக் கெவிற்றினிப்பையும் இன்றியமையா மருந்துப் பட்டியலிற் சேர்த்துவிட்டது. ஆடம்பரச் செலவு என்ற பேச்சுக்கு இனி இடமேது? புதிய ஒசிமேற்றினிப் இவற்றினும் சிறந்ததென்பது உண்மை. பெரும் ஆய்வொன்றிலே நோயாளர் உயிர்வாழ்ந்த இடைநிலைக் காலம் பழைய குளிசைகளால் 31.8 மாதமும் புதியதால் 38.6 மாதமும் ஆயிற்று. புதியதன் ஆக்கவுரிமை இன்னும் உயிரோடிருக்கின்றது. அங்கேதான் சட்டத்தின் வாயில்களைத் தட்ட வேண்டும். அதுவரை பழையதையும் கொடாதிருப்பதற்கு எந்த உரிமையும் குறுக்கே நிற்கவில்லை. மகளை மணமேடையிலே காண்பதற்கு ஆறு மாதம் போதும் என்ற தந்தைக்கு இந்தக் கணக்கு நன்கு விளங்கும், திறைசேரியார்க்குத்தான் விளங்குவதில்லை.

நம் வாக்கைப் பெற்றுச் சென்ற பாராளுமன்ற உறுப்பினர்கள், அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்திலே சுகாதார அமைச்சின் செலவினம் எடுத்துக்கொள்ளப்படும் நாளன்று வாய்திறக்கட்டும். சென்ற ஆண்டிலே மகரகமையிலும் தெல்லிப்பழையிலும் சுவாசப்பைப் புற்றுநோயென முடிவுகட்டப்பட்டோர் எத்தனை பேர், அவர்களுள் முதல் மருந்துக்கு முன் மரபணுச் சோதனை செய்யப்பட்டோர் எத்தனை பேர், பெறுபேறு வர எத்தனை நாள் சென்றது, குளிசை கையிருப்பில் இல்லாத நாட்கள் எத்தனை என்று எழுத்திலே விடை கேட்கட்டும்.