கோடு விழாத பெயர்கள்

2014 ஜூன் 12, இரவு ஒன்பது மணி. ஸ்காபரோவின் மல்வேன் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்து ஜிம். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே போட்ட மேசையில் நானும் இன்னொரு பெண்மணியும் பகல் முழுக்க இருந்தோம். அவர் வாக்குச்சீட்டு கொடுப்பவர், நான் பட்டியல்காரன். வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பட்டியலில் பெயரைத் தேடிப்பிடித்து, அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுப்பதுதான் பன்னிரண்டு மணி நேரமாக என் வேலை. கதவைச் சாத்திய பிறகு, சீட்டுகளை எண்ணத் தொடங்குமுன், பட்டியலை முதலிலிருந்து ஒருக்கால் புரட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய பாதிப் பெயர்கள் கோடு விழாமல் கிடந்தன. பக்கத்துக்குப் பக்கம் எங்கட பெயர்கள்: சிவாவில் தொடங்குகிறவை, நாதனில் முடிகிறவை.

யார் யாருடைய பெயர்கள் என்று சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் அந்தக் கதிரையில் இருந்தேன். ஒரு மேசையின் பட்டியல் ஒரு தொகுதி ஆகாது என்பதும் தெரியும். ஆனால் அன்றிலிருந்து, "தமிழ் வாக்குப் பிரிஞ்சுபோச்சு" என்று யாராவது தொடங்கினால் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தத் தொகுதியின் பெயர் ஸ்காபரோ ரூஜ் ரிவர். ஒன்ராறியோ மாகாண சபைக்கு 1999 முதல் 2018 வரை இருந்த தொகுதி. ரொறன்ரோ மாநகரின் வடகிழக்கு மூலை. தெற்கே 401 நெடுஞ்சாலை, வடக்கே ஸ்டீல்ஸ், கிழக்கே ரூஜ் ஆறு. உள்ளே ஒரு இலட்சத்து முப்பதாயிரம் பேரளவில் குடியிருந்தார்கள். தமிழர், சீனர், கரீபியர், பிலிப்பினோக்கள், பஞ்சாபிகள் என்று பள்ளிக்கூட வாசலில் பத்து மொழி கேட்கும். நான் அங்கே 1993இல் ஒரு பேஸ்மென்டுக்குக் குடிவந்தவன். விடியற்காலை ஐந்து மணிக்கு நெய்ல்சன் வீதியில் பஸ்ஸுக்கு நின்று வேலைக்குப் போனவன்.

தொகுதி பிறந்ததே ஒரு வெட்டில். மைக் ஹரிஸின் கன்சர்வேட்டிவ் அரசாங்கம் சிக்கனம் என்று சொல்லி 130 ஆசனங்களை 103 ஆகக் குறைத்தது. பழைய தொகுதிகள் கலைந்து புதியவை வந்தன. ஆள் மட்டும் மாறவில்லை. ஜமேக்காவில் பிறந்த அல்வின் கேர்ளிங், லிபரல் கட்சிக்காரர், 1985இலேயே ஸ்காபரோ வடக்கில் வென்றவர். 1990இல் மாகாணம் முழுக்க என்.டி.பி. என்கிற புதிய ஜனநாயகக் கட்சியின் அலை அடித்தபோதும் தப்பினார். 1995இல் ஹரிஸின் நீல அலையிலும் தப்பினார். அதே 1995 டிசம்பரில், அரசாங்கம் ஒரே சட்டமூலத்துக்குள் பல சட்டங்களை மூட்டையாகக் கட்டி அவசரமாக நிறைவேற்றப் பார்த்தபோது, சபையை விட்டு வெளியேறச் சொல்லியும் எழும்பாமல் தன் கதிரையில் பதினெட்டு மணி நேரம் இருந்தார். சக உறுப்பினர்கள் சுற்றி வளைத்துக் காவல் நின்றார்கள். பிற்காலத்தில் அதே சபைக்குச் சபாநாயகரானார். அந்த ஆசனத்தில் முதன்முதல் அமர்ந்த கறுப்பினத்தவர் அவர்தான்.

2005இல் கேர்ளிங் தூதுவராகப் போக, இடைத்தேர்தலில் டிரினிடாட்டில் பிறந்த பாஸ் பல்கிசூன் வந்தார். அவரும் லிபரல். 2007, 2011, 2014 என்று வரிசையாக வென்றார். பழைய தொகுதியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், 1985 தொடக்கம் 2016 வரை முப்பத்தொரு வருஷம் இந்த மூலை ஒரே கட்சியின் சட்டைப்பையில் இருந்திருக்கிறது.

இனி எங்கட கதை. 2011 மே மாதத்தில் இதே பெயருள்ள மத்திய தொகுதியில் ராதிகா சிற்சபைஈசன் என்.டி.பி. சார்பில் வென்று, கனடிய நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழரானார். அந்த இரவு தெருவில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போன கார்களில் என்னுடையதும் ஒன்று. அதே வருஷம் ஒக்டோபரில் மாகாணத் தேர்தல். அதே கட்சியில் நீதன் சாண் நின்று இரண்டாமிடம். 2014இலும் இரண்டாமிடம். 2016இல் பல்கிசூன் விலக, செப்டெம்பர் 1ஆம் திகதி இடைத்தேர்தல் வந்தது. நீதன் சாண் என்.டி.பி.யில், பிரகல் திரு லிபரலில். வென்றவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் ரேமண்ட் சோ. கொரியாவில் பிறந்தவர், அப்போதே எண்பது வயதை நெருங்கியவர். பிரகல் திரு இரண்டாவது, நீதன் சாண் மூன்றாவது.

மறுநாள் கோயில் மண்டபத்தில், இடியப்பக் கடையில், வானொலியில் எல்லாம் ஒரே கூட்டல் கணக்கு. இரண்டு தமிழரின் வாக்கையும் கூட்டினால் சோவைத் தாண்டும். ஆகவே தமிழ் வாக்குப் பிரிந்தது, ஆகவே தோற்றோம்.

இந்தக் கணக்குப் பிழை. முதலாவது, பிரகல் திருவுக்கு விழுந்தவை எல்லாம் தமிழ் வாக்குகள் அல்ல, முப்பத்தொரு வருஷ லிபரல் வாக்குகளும் அதற்குள் இருந்தன. நீதன் சாணுக்குப் போட்டவர்களில் என் பக்கத்து வீட்டுக் கயானாக்காரரும் ஒருவர். இரண்டாவது, 2014இல் பெரிய கட்சிகளில் நின்ற தமிழர் ஒரே ஒருவர். பிரிவதற்கு எதுவும் இல்லை. அப்போதும் தோற்றோம். மூன்றாவது, 2018இல் தொகுதியை மறுபடி வெட்டினார்கள். அதன் கிழக்குப் பாதி ஸ்காபரோ ரூஜ் பார்க் என்ற புதுத் தொகுதிக்குள் போனது. அங்கே கன்சர்வேட்டிவில் விஜய் தணிகாசலம், லிபரலில் சுமி சாண் என்று பெரிய கட்சிகளிலேயே இரண்டு தமிழர் மோதினார்கள். விஜய் தணிகாசலம் ஆயிரத்துக்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் என்.டி.பி.யின் பெலிசியா சாமுவேலை வென்றார். ஒருவர் நின்றபோது தோல்வி, இருவர் நின்றபோது ஒருமுறை தோல்வி, ஒருமுறை வெற்றி. இதில் பிரிவினைச் சூத்திரம் எங்கே இருக்கிறது?

சோ ஏன் வென்றார் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த மனுசன் 1991 முதல் மாநகர அரசியலில் இருந்தவர். மல்வேனில் குப்பை எடுக்கவில்லையென்றால் அவருடைய அலுவலகத்துக்குத்தான் அடிப்போம். 1988இல் என்.டி.பி. சார்பில் நின்று தோற்றவர், 2014இல் கன்சர்வேட்டிவாக நின்று தோற்றவர். கட்சி மாறினாலும் தெரு மாறவில்லை. பாலியல் கல்விப் பாடத்திட்டத்தை எதிர்த்த பெற்றோரைக் குறிவைத்து, அதை நீக்குவேன் என்று கட்சித் தலைவர் பற்றிக் பிரவுனின் பெயரில் ஒரு கடிதமும் வீடுவீடாகப் போனது. வாக்களிப்புக்கு முன்னரே அவர் அதிலிருந்து பின்வாங்கினார். போன கடிதம் போனதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சோ பெற்றது பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைந்த வாக்குகள். மொத்தமே இருபத்தையாயிரத்தைச் சுற்றித்தான் விழுந்தது, ஒரு இலட்சத்து முப்பதாயிரம் பேர் வாழும் இடத்தில். லேபர் டே நீண்ட வாரவிடுமுறைக்கு முந்திய வியாழக்கிழமை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்கூடத் தொடங்கவில்லை. தமிழ் வாக்கு இரண்டாகப் பிரிந்ததென்றால், மூன்றாவது பங்கு வீட்டில் சோபாவில் இருந்தது. அதுதான் பெரிய பங்கு என்பது என் அபிப்பிராயம்.

போடாத வாக்கு எவ்வளவு பெறுமதி என்பதற்கு அதே மூலையில் இன்னொரு சாட்சி உண்டு. சோ விட்டுப்போன மாநகர ஆசனத்துக்கு 2017 பெப்ரவரியில் நீதன் சாண் வந்தார். 2018இல் மாநகர ஆசனங்களை, தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே, மாகாண அரசு 25 ஆகக் குறைத்தது. அந்தப் புது எல்லையில் அவர் தோற்றது 154 வாக்குகளால். மார்க்கம் வீதியில் ஒரு நடுத்தரமான பிறந்தநாள் பார்ட்டிக்கு அதைவிடக் கூடச் சனம் வரும்.

தமிழர் ஒருவர் சபையில் இருப்பதால் பலனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரத்துக்கான சட்டம் 2021இல் நிறைவேறியது, விஜய் தணிகாசலம் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலத்தால். வேறு யாரும் அதைக் கையில் எடுத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் அது மே மாதத்தில் ஒரு வாரம். மிச்சம் ஐம்பத்தொரு வாரமும் நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கிறோம்.

கேர்ளிங் முதன்முதல் வென்ற அதே 1985இல்தான் ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் ஓடத் தொடங்கியது. அது 401க்குத் தெற்கே மக்கோவனில் நின்றுவிட்டது. மல்வேனுக்கு நீட்டுவோம் என்பது அந்தக் காலத்துப் பேச்சு. ஒரு தலைமுறை அந்தப் பேச்சைக் கேட்டே வயதுபோனது. 2023 ஜூலையில் கடைசிப் பெட்டி தண்டவாளத்தை விட்டு விலக, அந்த ரயிலையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். இப்போது தோண்டும் சுரங்க ரயில் ஷெப்பர்ட் மக்கோவன் சந்தியில் முடியும். அங்கிருந்து மல்வேனுக்கு மறுபடியும் பஸ்தான். முப்பத்தொரு வருஷம் அசையாத ஆசனத்துக்கு யாரும் எதுவும் தரத் தேவையிருக்கவில்லை. 2016 கோடையில் ஆசனம் ஆடத் தொடங்கியதும், மூன்று கட்சிக்காரரும் எங்கள் டவுன்ஹவுஸ் வாசலுக்கு வந்து சுரங்க ரயிலைப் பற்றிப் பேசினார்கள். ஆடுகிற ஆசனத்துக்குத்தான் மரியாதை. அதை ஆட்டுவது வேட்பாளரின் குடும்பப் பெயரல்ல, சாவடிக்கு நடந்து போகிற கால்கள்.

2022 மாகாணத் தேர்தலில் ஒன்ராறியோ முழுவதிலும் வாக்களித்தோர் சுமார் 44 வீதம், அதன் வரலாற்றிலேயே மிகக் குறைவு. 2025 பெப்ரவரியில் சுமார் 45. அந்த பெப்ரவரியில் என் வீட்டு முற்றத்தில் பனி இடுப்பளவு குவிந்திருக்க, ஒரு பெடியன் துண்டுப்பிரசுரத்தோடு வந்து கதவைத் தட்டினான்.

"அங்கிள், எங்கட ஆள் நிக்கிறார். மறக்காமல் போடுங்கோ."

"அது இருக்கட்டும் தம்பி. மல்வேனுக்கு ரயில் எப்ப வரும் எண்டு அவர் சொன்னவரோ?"

பிரசுரத்தைத் திருப்பிப் பார்த்தான். ஒரு பக்கம் படம், மறுபக்கம் வணக்கம். "கேட்டுச் சொல்லுறன் அங்கிள்." எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டேன். ஏஜக்ஸ். காரில் வந்தவன், அவனுக்கு இந்தத் தொகுதியில் வாக்கில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அடுத்த முறை உங்கள் கதவைத் தட்டுகிறவனிடமும் கேளுங்கள். எங்கட ஆளிடமும் கேளுங்கள், மற்ற ஆளிடமும் கேளுங்கள். பதில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் போய் வாக்கைப் போடுங்கள்.

என் அம்மாவுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 1981 ஜூன் 4, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல், யாழ்ப்பாணம். நூலகம் எரிந்து நாலு நாள் ஆகவில்லை. அன்று அவர் வரிசையில் நின்று வாக்குப் போட்டார். பிறகு யாழ்ப்பாணத்து வாக்குப் பெட்டிகள் சில காணாமல் போயின. தன்னுடையது எந்தப் பெட்டிக்குள் போனதென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. 2025 பெப்ரவரி 27ஆம் திகதி வோக்கரைத் தள்ளிக்கொண்டு, ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு சாவடிக்கு வந்தார். இப்போது பட்டியல் கணினிக்குள். மேசையில் இருந்த பிள்ளை அட்டையைப் பார்த்துத் திரையில் ஒரு தட்டுத் தட்டிச் சீட்டைக் கொடுத்தாள். அம்மா நகரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ர பேருக்கு மேல கோடு போட்டவையோ எண்டு கேள்."