வினையூக்கி மந்திரக் கல் அன்று



பேராக் மாநிலத்தின் கிரியான் வட்டாரத்தில் நெல் அறுவடை முடிந்த சில நாள்களில் எங்கள் வகுப்பறைச் சன்னல்களைச் சாத்த வேண்டிவரும். வயலில் கிடக்கும் வைக்கோலுக்குத் தீ வைத்திருப்பார்கள். இழைப்பு நோயுள்ள பிள்ளைகள் அந்த வாரம் பள்ளிக்கு வருவதில்லை. 2019 செப்டம்பரில் அண்டை நாட்டுக் காட்டுத்தீயின் புகைமூட்டத்தால் நம் பள்ளிகள் பல மூடப்பட்டபோது அண்டை நாட்டைக் குறை சொன்னோம். நம் வயலிலிருந்து எழும் புகையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஆகவே, கடந்த ஆண்டு அறிவியல் விழாவிற்கு எங்கள் மாணவர்கள் வைக்கோலைப் பற்றிப் படைக்க விரும்பியபோது பெரிதும் மகிழ்ந்தேன். "வைக்கோலிலிருந்து பெட்ரோல்" என்று தலைப்பிட்டோம். காற்றின்றிச் சூடேற்றுதல், கனிம வினையூக்கி, எரிபொருள் என மூன்று பெட்டிகளை வரைந்து அம்புக்குறி இட்டோம். பேச வேண்டியதை நானே எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தடுமாற்றமின்றி ஒப்புவித்தாள்.

நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வினையூக்கி தான் மாறாமல் வினையை விரைவுபடுத்தும் என்கிறாயே, அப்படியானால் ஒரு மூட்டை வாங்கினால் வாழ்நாள் முழுதும் போதுமா?"

பிள்ளை என்னைப் பார்த்தாள். விடை அவளிடம் இல்லை, ஏனெனில் நான் எழுதிக் கொடுத்த தாளிலேயே இல்லை. பிழை அவளுடையது அன்று, என்னுடையது. அந்தப் பிழையிலிருந்து நான் கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் வினையைப் புரிந்துகொள்வோம். கோலா செபெத்தாங் கரிச்சூளைகளுக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்றிருப்பீர்கள். சதுப்புநில மரங்களைச் சூளைக்குள் அடுக்கி, வாயிலை அடைத்து, காற்றைக் கட்டுப்படுத்திப் பல நாள் சூடேற்றுவர். மரம் எரிந்து சாம்பலாவதில்லை, சிதைந்து கரியாகிறது. இதுவே வெப்பச் சிதைவு. பைரோலிசிஸ் என்று அறிவியலார் சொல்வதும் இதைத்தான். வைக்கோலையும் இவ்வாறே ஏறத்தாழ 500 பாகை செல்சியசு வெப்பத்தில், மிக விரைவாகச் சூடேற்றினால், எழும் ஆவியை உடனே குளிர வைத்து எண்ணெய் போன்ற கருநிறத் திரவத்தைப் பெறலாம். கரியும் எரிவளியும் உடன் கிடைக்கும்.

அந்தத் திரவத்தைப் பெட்ரோல் என்று சொன்னதுதான் எங்கள் முதல் தவறு. அதன் எடையில் 35 முதல் 40 விழுக்காடு ஆக்சிசன். 15 முதல் 30 விழுக்காடு தண்ணீர். புளிக்காடியைப் போல் அமிலத்தன்மை உடையது, இரும்பை அரிக்கும், சேமித்து வைத்தால் நாளடைவில் தடித்துப் போகும். ஒரு கிலோவிற்குக் கிடைக்கும் வெப்பம் டீசலில் பாதிக்கும் குறைவு.

இங்குதான் கனிமங்கள் வருகின்றன. ஆவி குளிர்வதற்கு முன் அதனைக் கனிமத்தின் மீது செலுத்தினால் பெரிய மூலக்கூறுகள் உடைகின்றன. ஆக்சிசன் நீராகவும் கரியமில வளியாகவும் வெளியேறுகிறது. இவ்வேலையில் பெயர் பெற்றது சியோலைட். சுவீடனைச் சேர்ந்த குரோன்ஸ்டெட் 1756-இல் இயற்கையில் கிடைத்த ஒரு கனிமத்தைச் சூடேற்றியபோது அது நுரைத்துப் பொங்கியதைக் கண்டு, கொதிக்கும் கல் என்ற பொருளில் இப்பெயரை இட்டார். இப்போது வெப்பச் சிதைவில் பெரிதும் ஆராயப்படும் வகை ஆலையில் செய்யப்படுவது. அதன் நுண்துளையின் அகலம் ஒரு மில்லி மீட்டரின் ஏறத்தாழ இரண்டு மில்லியனில் ஒரு பங்கு. அத்துளைக்குள் நுழைந்து வெளிவரும் மூலக்கூறுகள் பெட்ரோலில் உள்ளவற்றை ஒத்திருக்கும்.

ஆனால் விலை உண்டு. ஆக்சிசன் போகும்போது எடையும் போகிறது. கார்பனில் ஒரு பகுதியும் வளியாகத் தப்பிவிடுகிறது. ஆகவே தரம் உயர, அளவு குறையும். அத்துடன் நுண்துளைகளில் கரி படிந்து அடைத்துக் கொள்கிறது. அந்தக் கரியைக் காற்றில் எரித்து வினையூக்கியை மீட்க வேண்டும். பல முறை மீட்ட பின் அதன் திறன் குன்றும். இதுவே நடுவரின் கேள்விக்கு விடை. "தான் மாறாது" என்ற பாடநூல் விளக்கம் கருத்தளவில் சரி. உலையில் அது நெடுங்காலம் நிலைப்பதில்லை.

வைக்கோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பங்கு நெல்மணியில் அன்று, வைக்கோலில்தான் தங்குகிறது. அந்தப் பொட்டாசியமே ஒரு வினையூக்கி! ஆனால் அது எண்ணெயைக் கூட்டாது. கரியையும் வளியையும் கூட்டும். எனவேதான் மரத்தூளில் கிடைக்கும் அளவு எண்ணெய் வைக்கோலில் கிடைப்பதில்லை. இயற்கையே "இதிலிருந்து கரி எடு" என்று சொல்கிறது; நாமோ பெட்ரோல் கேட்கிறோம்.

என் கருத்து இதுதான். நம் வயல்களுக்கு விலையுயர்ந்த சியோலைட்டையும் பெட்ரோல் கனவையும் முன்னிறுத்துவதைவிட, எளிய கல்லையும் கரியையும் முன்னிறுத்துவதே முறை. டோலமைட் என்னும் கல் பெர்லிசிலும் பேராக்கிலும் கிடைக்கிறது. அரைத்த மக்னீசியச் சுண்ணாம்புக்கல் என்ற பெயரில் புளிப்பு மண்ணைத் திருத்த நம் உழவர்கள் வயலில் இடுவதும் இதைத்தான். இதனை உயர் வெப்பத்தில் சுட்டால் கரியமில வளி நீங்கிச் சுண்ணமும் மக்னீசியம் ஆக்சைடும் கலந்த பொருளாகும். அதன் மீது ஆவி பட்டால் தார் உடைகிறது, அமிலம் குறைகிறது. சியோலைட் அளவுக்கு நல்ல எரிபொருளை அது தராது. விரைவில் நொறுங்கும்; கரியமில வளியை மீண்டும் உறிஞ்சிச் சோர்ந்துவிடும். ஆனால் மலிவானது. தீமை பயக்கும் உலோகங்கள் கலவாதிருந்தால், சோர்ந்த கல்லை மண்ணுக்கே திருப்பலாம். கரியையும் அதனுடன் சேர்த்து இட்டால், வைக்கோலின் பொட்டாசியத்தில் பெரும்பகுதி வயலுக்கு மீளும். தார் உடைந்து கிடைக்கும் வளியை எரித்து நெல்லை உலர்த்தும் சூட்டுக்குப் பயன்படுத்தலாம்.

இதற்கும் மறுப்பு உண்டு. வைக்கோல் எடை குறைந்தது, இடம் நிறையக் கொள்வது. ஒரு கிலோ நெல்லுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வைக்கோல் என்று கணக்கிட்டாலும், ஈர வயலிலிருந்து அதைத் திரட்டி, கட்டி, ஏற்றிச் செல்லும் கூலியை யார் கொடுப்பது? அடுத்த நடவுக்கு நாள் குறைவு. தீக்குச்சிக்கோ செலவே இல்லை. உழவரைக் குற்றவாளியாக்கிப் பேசுவது எளிது, ஆனால் முறையன்று. எந்தக் கல்லும் இந்தக் கூலியைக் குறைக்காது. எனவே திரட்டும் வேலை ஏற்கெனவே முடிந்த இடத்தில் தொடங்குவதே அறிவுடைமை. நெல் ஆலையில் உமி குவிந்து கிடக்கிறது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. செம்பனை ஆலையில் வெற்றுக் குலை குவிகிறது. 100 கிலோ பழக்குலைக்கு ஏறத்தாழ 22 கிலோ. அங்கு தேர்ந்து தெளிந்த பின் வயலுக்கு வரலாம்.

இவ்வளவும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று பெற்றோர்கள் கேட்கலாம். வேதியியல் முழுதும் வேண்டியதில்லை. "வினையூக்கியால் என்ன முடியும்?" என்று கேட்கும்போதே "என்ன முடியாது?" என்று கேட்கும் பழக்கம் வேண்டும். நம் பள்ளிகளின் அறிவியல் படைப்புகளில் பெரியவர்களின் கை மிகுதி. வண்ணத்தாளில் அச்சிட்ட பெரிய தலைப்பும் மனப்பாட உரையும் கோப்பை வாங்கித் தரலாம். ஒரு கேள்வியைத் தாங்குமா? தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லப் பிள்ளைக்குக் கற்றுத் தருவது அறிவியல் ஆகாது.

இவ்வாண்டு அதே மாணவி, இப்போது ஆறாம் ஆண்டில், முட்டையோட்டைப் புளிக்காடியில் இட்டுச் சோதித்தாள். நுரை வந்தது, சில நாளில் ஓடு கரைந்தது. "ஐயா, இது வினையூக்கி இல்லையே, தீர்ந்து போகிறதே" என்றாள். ஆம், மகளே! சுண்ணக்கல் உலையிலும் சில வேளை அப்படித்தான், ஒரு பகுதி வினையை ஊக்குகிறது, ஒரு பகுதி தானே வினைபட்டுத் தீர்கிறது என்றேன். அதனைத் தன் தாளில் தன் சொற்களில் எழுதிக் கொண்டாள். நான் திருத்தவில்லை.

ஆசிரியரை வினையூக்கி என்று மேடைகளில் புகழ்வது வழக்கம். நானும் பெருமையுடன் தலையசைத்தவன்தான். வினையூக்கியின் மீதும் கரி படியும், அவ்வப்போது அதனை எரித்துத் தூய்மை செய்ய வேண்டும் என்பதை ஒரு நடுவரின் கேள்வியும் ஒரு பிள்ளையின் மௌனமும் எனக்குக் கற்பித்தன. அடுத்த அறுவடைப் புகை வருவதற்குள், நம் பிள்ளைகளின் படைப்புகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவற்றில் எத்தனை சொற்கள் அவர்களுடையவை என்று எண்ணுங்கள்.