விடுப்பில் இருக்கும் போதகர் எதைக் காண வேண்டும்?

பல ஆண்டுகள் இடைவிடாது ஊழியம் செய்த போதகருக்குச் சில மாதங்கள் ஓய்வு விடுப்பு வழங்கும் வழக்கம் திருச்சபைகளில் உண்டு. ‘சபாட்டிகல்’ எனப்படும் அந்த நாள்களில் அவர் தம்முடைய பிரசங்க பீடத்தை விட்டிறங்கி, ஞாயிறுதோறும் பக்கத்துச் சபைகளுக்குச் சென்று, மக்களோடு மக்களாக அமர்ந்து வழிபடுகிறார். இதை ஆன்மிகப் புத்துணர்ச்சி என்றே திருச்சபை பேசுகிறது. ஆனால் தமிழ்நாட்டில் இந்தப் பயணத்துக்கு வேறொரு பொருளும் உண்டு. இங்கே ‘பக்கத்துச் சபை’ என்பது பல இடங்களில் வேறு கோட்பாட்டைக் குறிப்பதில்லை. வேறு தெருவையும் வேறு சாதியையுமே குறிக்கிறது.

அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரை நினைவுகூர்வோம். ஒரே ஊர், ஒரே மறை. ஆனால் ஆலயங்கள் இரண்டு. தாய்ப்பங்கில் நிலவிய பாகுபாட்டைச் சகிக்க முடியாத தலித் கிறித்தவர்கள், தங்கள் சகாய மாதா ஆலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்கக் கோரினர். 2008 மார்ச் மாதத்தில் அந்த முரண் வன்முறையாக வெடித்து, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஆதிக்க சாதிக் கிறித்தவர் இருவர் இறப்பதில் முடிந்தது. அங்கு ஓர் ஆலயத்திலிருந்து மற்றோர் ஆலயத்துக்கு உள்ள தூரம் சில தெருக்கள்தாம். அந்தத் தூரத்தை நடந்து கடப்பதே அரசியல்.

இது புதிய நோயும் அன்று. தென்னிந்திய சபைகளில் சாதி வேறுபாடு முற்றாகக் கைவிடப்பட வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்தார். தனித்தனி இருக்கைகளும், திருவிருந்தில் யார் முந்தி யார் பிந்தி என்ற வரிசையும் அன்றைய வழக்கம். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் எதிர்ப்புக் கிளம்பியது. பலர் சபையை விட்டே விலகினர். பின்னர் வில்சன் நேரிலும் வந்து பார்த்தார். சுமார் 190 ஆண்டுகள் கழித்தும், திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைப் பிரித்து எழுப்பப்பட்ட சுவரைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டு தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டதே 2016 டிசம்பரில்தான்.

ஆகவே, விடுப்பில் செல்லும் போதகர் வழிபாட்டை மட்டும் கண்டு திரும்பினால் ஒன்றையும் கண்டவராகமாட்டார். விருந்தினருக்குச் சால்வையும் முன்வரிசை நாற்காலியும் காத்திருக்கும். சாதி அந்த நாற்காலியிலிருந்து தெரியாது. கல்லறைத் தோட்டத்தில் யார் எந்தப் பக்கம் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்? திருவிழாத் தேர் எந்தத் தெருவின் முனையில் திரும்பிவிடுகிறது? திருவிழா வரியை யாரிடம் வாங்குகிறார்கள், யாரிடம் வாங்க மறுக்கிறார்கள்? நிதிக்குழுவில் சேரிக்காரர் எத்தனை பேர்? இவற்றைக் கேட்டால் ஒரே நாளில் சபையின் மெய்யான விசுவாச அறிக்கை கிடைத்துவிடும்.

இந்தக் கேள்விகள் ஒழுக்கம் சார்ந்தவை மட்டுமல்ல. சட்டத்திலும் இவற்றுக்கு முக்கிய இடம் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து மதத்தவருக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதியை வழங்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் வெளியே நிற்கின்றனர். சென்னையின் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவரின் வழக்கில், மதம் மாறிய பின்னும் அதே கடுமையுடன் சாதி இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என 1985இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம், போதகர் ஒருவர் சாதி வசைக்கும் தாக்குதலுக்கும் எதிராகத் தொடுத்த வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கை ரத்து செய்தது. அவர் கிறித்தவர் ஆதலால் பட்டியல் சாதியினர் அல்லர் என்பதே காரணம்.

எனினும் ஒரு கதவு திறந்திருக்கிறது. தீண்டாமையை ஒழிக்கும் அரசமைப்பின் 17ஆம் உறுப்பு எந்த மதத்தையும் விலக்கவில்லை. அதை நடைமுறைப்படுத்தும் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் ‘எந்த நபரையும்’ பொது வழிபாட்டிடத்தில் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. இடுகாட்டையும் சமய ஊர்வலத்தையும் அதன் 4ஆம் பிரிவு உள்ளடக்குகிறது. பாதிக்கப்பட்டவரிடம் பட்டியல் சாதிச் சான்றிதழ் இருக்க வேண்டும் என இப்பிரிவுகள் கோரவில்லை.

தடை வேறோரிடத்தில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின், அச்செயல் தீண்டாமையின் அடிப்படையிலேயே நிகழ்ந்தது என நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. தலித் கிறித்தவருக்கு இந்த அனுமானம் கிடையாது. தேர் திரும்பியது சாதியால்தான், ‘மரபால்’ அல்ல என்பதை அவரே மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு நேரில் கண்ட சாட்சி வேண்டும். ஊருக்குள் இருப்பவர் அஞ்சுகிறார்; பொறுப்பில் இருக்கும் குருவானவர் ‘சமாதானம் கெடும்’ என்று மௌனம் காக்கிறார்.

இந்த இடத்தில்தான் விடுப்பில் இருக்கும் போதகரின் வருகை பொருள் பெறுகிறது. அவர் அச்சபையின் சம்பளத்தில் இல்லை. அதன் கமிட்டிக்குக் கட்டுப்பட்டவரும் இல்லை. அவர் தேதியிட்டு எழுதிவைக்கும் குறிப்பும், நீதிமன்றத்தில் அவர் சொல்லும் சாட்சியும், எந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைவிடவும் வலுவானவை.

அதற்குத் திருச்சபைத் தலைமை செய்ய வேண்டியவை இரண்டு. ஓய்வு விடுப்பின் பயணக் குறிப்புகளைச் சபைகளின் சாதி நிலை பற்றிய அறிக்கையாகப் பெற்று, பேராய மன்றத்தில் வைக்க வேண்டும். அவ்வாறு எழுதியவர் விடுப்பு முடிந்து திரும்பும்போது இடமாற்றத்தால் பழிவாங்கப்படமாட்டார் என்று எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். நாடாளுமன்றமோ, பட்டியல் சாதித் தகுதி பற்றி ஆராய 2022இல் அமைக்கப்பட்ட கே. ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தின் முடிவைச் சாக்காக்கத் தேவையில்லை. 12ஆம் பிரிவின் அனுமானத்தைத் தீண்டாமைக்கு உள்ளாகும் அனைவருக்கும் விரிவாக்க, இட ஒதுக்கீட்டுச் சிக்கல் எதையும் தொட வேண்டியதில்லை.

விவிலியத்தின் ஏழாம் ஆண்டு ஓய்வு, நிலத்துக்கும் கடன்பட்டோருக்கும் கிடைத்த விடுதலையாகும். அந்தச் சொல்லைத் தம் விடுப்புக்குச் சூட்டிக்கொள்ளும் ஊழியர்கள், அந்த விடுதலையின் ஒரு பங்கையேனும் சேரியிலுள்ள ஆலயத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கடமைப்பட்டவர்கள்.