யோகா பண்ணுங்கன்னு சொன்னா போதுமா அண்ணாச்சி?

"சுகரா? மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டு யோகா பண்ணுங்க, காலையில ஒரு மணி நேரம் நடங்க, சரியாப் போயிரும்."

விருதுநகர்ப் பக்கம் டீக்கடை, கல்யாண வீடு, வாட்ஸப்புன்னு எங்க போனாலும் இந்த ஜல்லிதான். சொல்றவர் பெரும்பாலும் நேரமும் வசதியும் உள்ள அண்ணாச்சி. கேட்டுக்கிறது சிவகாசிப் பட்டாசு ஆலையில பீஸ் ரேட்டுக்கு வேலை பாக்குற அக்கா. இந்த அறிவுரையில ரெண்டு வில்லங்கம் இருக்கு மக்களே.

முதல் வில்லங்கம், அந்த 'தூக்கிப் போடுங்க'. டைப் 2 சர்க்கரைக்கு உடற்பயிற்சி நல்லதுதான், மறுக்கலை. தசை வேலை செய்யும்போது இன்சுலின் தயவு இல்லாமலே ரத்தத்துல இருந்து குளுக்கோஸை இழுத்துக்கும். யோகா மன இறுக்கத்தையும் கொஞ்சம் தளர்த்தும். ஆனா அது துணை வைத்தியம். மாப்பிள்ளைத் தோழனை மணவறையில உக்கார வைக்காதீங்க. மருந்தைக் குறைக்கணுமா, நிறுத்தணுமான்னு டாக்டர்தான் ரத்தப் பரிசோதனையைப் பாத்துச் சொல்லணும்.

இன்சுலினோ, சில வகை மாத்திரையோ எடுக்குறவங்க வெறும் வயித்துல வேகமா நடந்தா சர்க்கரை மடமடன்னு இறங்கி கை நடுங்கும், தலை சுத்தும். மருந்து அடைக்கிற அறையில கை நடுங்கினா என்ன ஆகும்னு சிவகாசிக்காரங்களுக்கு நான் சொல்லணுமா?

ரெண்டாவது வில்லங்கம், வாயால சொல்லிட்டுப் போயிடறது. பிரேசில் ஆய்வாளர்கள் 47 ஆய்வுகளை, 8,538 நோயாளிகளின் கணக்கைத் தொகுத்து 2011-ல் 'ஜாமா' இதழில் எழுதினாங்க. திட்டம் போட்டு முறையா செய்ய வச்ச பயிற்சியில் ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாசச் சராசரிச் சர்க்கரை, 0.67 புள்ளி குறைஞ்சது. வாரத்துக்கு 150 நிமிஷத்தைத் தாண்டினவங்களுக்கு 0.89. சாப்பாட்டு ஆலோசனையும் இல்லாம 'உடற்பயிற்சி பண்ணுங்க'ன்னு வெறுமனே சொன்னதுல? சொல்லிக்கிற மாதிரி எதுவும் இல்லை!

சென்னையில டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வும் இதே கதைதான். சர்க்கரை வரப்போற எல்லையில இருந்த 531 பேர். மூணு வருஷத்துல, வழக்கமான அறிவுரையோட விடப்பட்டவங்கள்ல 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துருச்சு. நடை, சாப்பாடுன்னு விடாமப் பின்தொடர்ந்து பழக்கினவங்கள்ல 39 சதவீதம்தான்.

"நாள் பூரா உழைக்கிறாங்களே, அதுவே எக்சர்சைஸ்தானே?"ன்னு கேப்பீங்க. தரையில உக்காந்த இடத்துலயே திரி வைக்கிறதும் காகிதம் சுத்துறதும் உழைப்புதான், உடற்பயிற்சி இல்லை. இடுப்பும் முதுகும் போகும், சர்க்கரை போகாது. நான் ஏசி ஆபீஸ்ல ஆணி புடுங்குறவன். மணிக்கொரு தடவை எழுந்து நடந்தாலும் என் சம்பளம் குறையாது. அந்த அக்கா பத்து நிமிஷம் எழுந்தா அன்னைக்குக் கூலியில அடி. விடியுமுன்னே சோறு வடிச்சு, வேன் பிடிச்சு, இருட்டுற நேரத்துக்கு வீடு திரும்பறவங்களை "சோம்பேறித்தனம், அதான் நடக்க மாட்டேங்குறாங்க"ன்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருது?

2021-லேருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. 2023-ல மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையும் அறிவிச்சாங்க. நல்ல விஷயம்தான். ஆனா பாதை இருந்தா போதுமா, நடக்க நேரம் வேண்டாமா?

அதனால ஆலை முதலாளிகளுக்கு நேராவே கேக்குறேன். வேலை தொடங்குறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் யோகாவும் கை கால் பயிற்சியும், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷ நடை. மருந்து அறைக்குத் தள்ளி இருக்குற காலி இடத்துல, சொல்லிக் கொடுக்க ஒரு ஆளோட. அந்த அரை மணி நேரத்துக்கும் கூலி உண்டு. வாரம் ஆறு நாள்னா 180 நிமிஷம் ஆச்சு. அதைக் கொடுத்துட்டு அப்புறம் அறிவுரை சொல்லுங்க, நானும் கூட உக்காந்து கேக்குறேன்.

டிஸ்கி: கண்ணுல சர்க்கரை பாதிப்பு உள்ளவங்க டாக்டரைக் கேக்காம தலைகீழா நிக்கிற ஆசனம் எதுவும் பண்ணாதீங்க. கால் மரத்துப் போறவங்க செருப்பில்லாம நடக்காதீங்க. மத்தபடி திட்டுறவங்க பின்னூட்டத்துல திட்டலாம் :-)