கிறீச்சிடும் பிரேக்



மழைக்காலம் தொடங்கிவிட்டால், மும்பையிலும் அதன் புறநகர்களிலும் கார் வைத்திருக்கும் நம்மவர் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "பிரேக்கை மிதித்தால் கிறீச்சென்று சத்தம் வருகிறதே, ஓட்டலாமா?" சத்தத்தை நிறுத்துவது எளிது. அது எதனால் வருகிறது என்று பாராமல் நிறுத்துவதுதான் ஆபத்து. இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

பழைய கார் ஒன்றை வாங்கிய புதிதில், முன்சக்கரத்தில் ஓயாத கிறீச்சொலி. தெருமுனை மெக்கானிக் ஒருவர் பத்தே நிமிடத்தில் சரிசெய்து நூறு ரூபாய் பெற்றுக்கொண்டார். சத்தம் அடியோடு நின்றது. இரண்டு மாதம் கழித்து, குடும்பமாய்ப் புனேயிலிருந்து திரும்புகையில், கண்டாலாவிலிருந்து கோப்போலிக்கு இறங்கும் மலைச்சாலையில் இரும்போடு இரும்பு அரைபடும் ஓசை எழுந்தது. பின்னிருக்கையில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். கியரைக் குறைத்து, ஊர்ந்து ஊர்ந்து கோப்போலி வந்து சேர்ந்தோம். அங்கே சக்கரத்தைக் கழற்றியவர் பேடை எடுத்துக் காட்டினார். தேய வேண்டிய பகுதி முற்றிலும் தேய்ந்துபோயிருந்தது. ஓரத்தில் இருக்க வேண்டிய சிறு தகட்டை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

அந்தத் தகடு வீணாக வைக்கப்பட்டதல்ல. பேடின் கனம் ஏறக்குறைய 2 அல்லது 3 மில்லிமீட்டராகக் குறைந்ததும், அது டிஸ்க்கில் உரசிக் கிறீச்சிடும். "என்னை மாற்று" என்று சொல்வதே அதன் வேலை. என் மெக்கானிக் அதன் நாக்கையே அறுத்துவிட்டார்! எல்லாப் பேடுகளிலும் இத்தகடு இராது. ஆகவே கண்ணால் பார்ப்பதே உறுதியானது. புதிய பேடின் கனம் பொதுவாக 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 3-க்குக் குறைந்தால் தாமதிக்காதீர்கள்.

மழையில் இரவு முழுதும் நின்ற கார் காலையில் சத்தமிட்டால் அஞ்ச வேண்டாம். டிஸ்க்கின்மேல் படிந்த மெல்லிய துரு, நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் உதிர்ந்துவிடும். அதன்பின்னும் நில்லாத சத்தமே நம் கவனத்துக்குரியது.

பேடில் கனம் இருந்தும் சத்தம் வந்தால், பேடும் டிஸ்க்கும் உரசும்போது நொடிக்கு ஆயிரம் தடவைக்கும் மேலாக அதிர்கின்றன என்று பொருள். அழுக்கு சேர்ந்து இறுகிய காலிப்பர் பின்களும், தளர்ந்த கிளிப்புகளும், பேடின் பின்புறத் தகடு இல்லாமையும் இதற்குக் காரணமாகலாம். இவற்றைப் பிரேக் கிளீனரால் சுத்தம் செய்து, அதிக வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸை பின்களிலும், பேடின் முதுகிலும், அது உட்காரும் இடங்களிலும் மெல்லியதாகப் பூச வேண்டும். உரசும் முகத்தில் ஒரு துளி கிரீஸோ எண்ணெயோ படவே கூடாது. சத்தம் அடங்க எண்ணெய் தெளிக்கிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். சத்தத்தோடு பிரேக்கும் போய்விடும். முகம் பளபளவென்று இறுகியிருந்தால் உப்புத்தாளால் தேய்ப்பதுண்டு. ஆனால் அச்சத்தம் பெரும்பாலும் திரும்பி வரும் என்பதே என் அனுபவம்.

பேடுகளை மாற்றும்போது இடம், வலம் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லாவிடில் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கமாய் இழுக்கும். டிஸ்க்கில் ஆழமான கோடுகள் விழுந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எனக்குப் பேடோடு டிஸ்க்கையும் மாற்ற நேர்ந்தது. கழற்றிய காலிப்பரை ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டச் சொல்லுங்கள். பிரேக் தூளைக் காற்றடித்து ஊதவும் விடாதீர்கள். சில பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அது நுரையீரலுக்குக் கேடு.

வேலை முடிந்ததும் வண்டியை எடுக்குமுன் பிரேக்கைப் பலமுறை மிதித்து, பெடல் கெட்டியாகிறதா என்று பாருங்கள். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியே புதிய பேடுகளை மாட்டுவார்கள். ஆகவே முதல் மிதியில் பெடல் தரைவரை போய்விடும். இதை மறந்து வண்டியை நகர்த்தி, எதிரிலுள்ள சுவரில் மோதியவர்களும் உண்டு. பின்னர் முதல் இருநூறு கிலோமீட்டர் வரை, அவசரமில்லாத இடங்களில் மென்மையாகப் பிரேக் பிடித்துப் பழக்குங்கள். மலைச்சாலைப் பயணத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.