தெரிந்து துணியும் உரிமை

மார்பகத்தைப் பெருக்கிக்கொள்ளப் பெண்ணொருத்தி அறுவை மருத்துவத்தை நாடுகிறாள் என்றால் இரு சாரார் உடனே வாய் திறக்கின்றனர். ஒரு சாரார் பண்பாட்டின் பெயரால் அவளை ஏசுகின்றனர். மறுசாரார் அழகின் பெயரால் அவளிடம் விலைப்பட்டியலை நீட்டுகின்றனர். அவள் அறிந்தாக வேண்டியதை மட்டும் இரு சாராரும் சொல்வதில்லை. கண்டிக்கத்தக்கது இந்த மௌனமே.

இம்மௌனத்தின் விலை என்ன? வரலாறு விடை கூறும். 1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ எனும் மருத்துவர் இருவர் சிலிகான் கூழ் நிரப்பிய பையை முதன்முதலாக ஒரு பெண்ணின் மார்பில் பொருத்தினர். டிம்மி ஜீன் லின்ட்சி எனும் அப்பெண்மணி, மார்பில் குத்தியிருந்த பச்சையை அகற்றவே மருத்துவமனைக்குச் சென்றவர். மார்பைப் பெருக்கும் எண்ணம் மருத்துவரிடமிருந்தே வந்தது. கேட்டவருக்கு முன்னே கொடுப்பவர் முந்திக்கொண்ட கதை அது.

பின்னர் நிகழ்ந்தவை யாவை? பாதுகாப்புக்குப் போதிய சான்றில்லை என 1992இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் அழகுக்காகச் சிலிகான் பை பொருத்துவதை நிறுத்தியது. 2006இல்தான் மீண்டும் இசைவளித்தது. பிரான்சு நாட்டின் பிஐபி நிறுவனம் மருத்துவத்திற்கு ஒவ்வாத தொழிற்சாலைச் சிலிகானை நிரப்பி விற்றது 2010இல் அம்பலமாயிற்று. அதன் நிறுவனர் 2013இல் சிறைத்தண்டனை பெற்றார். சொரசொரப்பான மேற்பரப்புடைய ஒருவகைப் பை, அரிய நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையதெனக் கண்டு 2019இல் உலகெங்கும் மீட்டுக்கொள்ளப்பட்டது. இப்பைகள் வாழ்நாள் முழுதும் நிலைப்பன அல்ல எனும் கட்டமிட்ட எச்சரிக்கை 2021இல்தான் அமெரிக்காவில் கட்டாயமாயிற்று. முதற்பை பொருத்திய நாளிலிருந்து எண்ணினால் 59 ஆண்டுகள்! ஒரு வாக்கியத்தைச் சொல்ல இத்தனை காலமா?

அறுவைக்கு ஆயத்தமாதல் என்பது பணம் சேர்ப்பதும் நாள் குறிப்பதும் மட்டுமன்று. பையைச் சுற்றி வளரும் தழும்புத்தசை இறுகி வலி தரலாம். சிலிகான் பை உள்ளேயே கிழிந்தும் வெளியே தெரியாதிருக்கலாம். ஆதலின் 5 அல்லது 6 ஆண்டுகளில் ஒருமுறையும், பின்னர் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. படமோ மீயொலிப் படமோ எடுத்துப் பார்க்க அந்த நிருவாகம் பரிந்துரைக்கிறது. முலைக்காம்பின் உணர்வு குன்றலாம். தாய்ப்பால் ஊட்டுவதும் தடைப்படலாம். புகைபிடிப்பவர் வாரக்கணக்கில் முன்னதாகவே அதனை நிறுத்தவேண்டும். குருதியோட்டம் குறைந்தால் புண் ஆறாது. ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை உட்கொள்வதை மருத்துவரிடம் மறைக்கலாகாது. மறு அறுவை நேர்ந்தால் செலவு யாருடையது, பொருத்தப்போகும் பை எந்த வகை, மருத்துவர் பெற்ற பயிற்சி யாது என்பனவற்றைக் கேட்டறிவது அவள் உரிமை. கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் மருத்துவரிடம் உடலை ஒப்படைப்பானேன்?

இவற்றுக்கெல்லாம் முந்திய வினா ஒன்றுண்டு: இவ்விருப்பம் யாருடையது? கணவனின் ஏளனமா, விளம்பரத்தின் ஏவலா, தன் உள்ளத்தின் நாட்டமா? இவ்வினாவைத் தனக்குத்தானே எழுப்பி விடை கண்டவள் அறுவைக்கு இசைந்தாலும் மறுத்தாலும் அது அவளுடைய முடிவே. அதனைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை.

“இவற்றைப் பேசினால் இளையோர் கெட்டுப்போவர்” என்பார் உளர். பழம்பாடல்களில் கொங்கையின் அழகைப் போற்றும் அடிகளுக்குக் கூச்சமின்றி உரை விரிக்கும் வகுப்பறை, அவ்வுறுப்பின் நலத்தைப் பேச மட்டும் கூசுவது என்ன நியாயம்? வருணனைக்குத் தகுந்த தமிழ் எச்சரிக்கைக்குத் தகாதோ? ஆசிரியர் வாய் மூடிய இடத்தில் விளம்பரக்காரன் பாடம் நடத்துகிறான். அவன் பாடத்தில் தழும்பு இல்லை, கிழிசல் இல்லை, மறு அறுவையும் இல்லை.

தெரிந்துசெயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். அவ்வதிகாரத்தை மாணவியர்க்கு மனப்பாடம் செய்விக்கும் சமுதாயம், அவர்தம் உடலைப் பற்றி அவர்கள் தெரிந்துகொள்வதை மட்டும் தடுப்பது முரண். ஏசுவதும் வேண்டா, விற்பதும் வேண்டா. முதலில் உண்மையைச் சொல்லுங்கள். துணிவதா தவிர்ப்பதா என்பதை அவள் முடிவு செய்யட்டும்.