பேசச் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு இந்தக் கல்வியாண்டில் தலைமைப் பண்புப் பயிற்சி நடத்தப்போகிறீர்கள் என்று அறிந்தேன். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருந்து ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர் என்கிற உரிமையில் இதை எழுதுகிறேன். திட்டத்தை வரவேற்கிறேன். அதோடு நிறுத்திக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை.

இப்படிப்பட்ட முகாம்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவன் நான். 'பள்ளிக்கு இருவர், நாளை காலை 9 மணிக்குள்' என்று முந்தின நாள் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் தகவல் வரும். தலைமையாசிரியருக்கு யோசிக்க நேரம் ஏது? முதல் மதிப்பெண் வாங்கும் பெண், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உறுதிமொழி வாசிக்கும் பையன். பேச்சுப் போட்டிக்கும் அவர்கள்தான், குடியரசு தினத்துக்கும் அவர்கள்தான். ஏசி அரங்கில் கழுத்தில் ஒரு அடையாள அட்டை, கையில் ஃபைலும் பேனாவும். பயிற்சியாளர் திரையில் படம் போட்டுத் தலைவனுக்கு இருக்க வேண்டிய பண்புகளை வரிசையாகச் சொல்வார். நடுநடுவே கைதட்டச் சொல்வார். மாலையில் சான்றிதழ், குரூப் போட்டோ. மறுநாள் பள்ளியில் அந்தப் பிள்ளைகள் முடிவெடுக்க ஒரு காரியமும் இருக்காது.

எந்த முகாமுக்கும் அனுப்பப்படாத ஒரு மாணவியைச் சொல்கிறேன். பிளஸ் ஒன் தொழிற்பிரிவு. அவள் ஊருக்குப் போகும் பஸ், பள்ளி விடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே போய்விடும். அடுத்தது இருட்டிய பிறகு. ஒரு ரஃப் நோட்டில் கட்டம் போட்டு, அந்த வழித்தடத்தில் எந்த ஊரில் எத்தனை பிள்ளைகள், அதில் பெண்கள் எத்தனை, எந்த வீட்டில் பஸ்ஸைக் காரணம் காட்டிப் படிப்பை நிறுத்தப் பேச்சு நடக்கிறது என்று குறித்து வைத்திருந்தாள். நேரத்தை மாற்றும் அதிகாரம் டெப்போவில் யாருக்கு என்று கண்டக்டரிடம் விசாரித்ததும் கடைசிப் பக்கத்தில் இருந்தது. மனு வாசகத்துக்கு மட்டும்தான் என்னிடம் வந்தாள். மனு போனது. பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதத்துக்கும் அதே கதி. இந்தப் பெண்ணுக்கு இனி எந்தப் பயிற்சியாளர் என்ன சொல்லித்தருவது? 'மனு கிடைத்தது, இன்ன காரணத்தால் இப்போது இயலாது' என்று இரண்டு வரி எழுத ஒரு அதிகாரி இருந்திருந்தால் போதும்.

நம்மிடம் ஏற்பாடுகளுக்குப் பஞ்சமில்லை. 2022-இல் நான் முதல்வன் திட்டம் வந்தது. 2024-இல் மகிழ் முற்றம் வந்து குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பள்ளிகளில் அணி பிரித்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். மீதி இடங்களில் சிலவற்றுக்குப் பள்ளிப் பிள்ளைகளையே எடுக்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 2010-ஆம் ஆண்டு மத்திய விதிகள் வழிவிடுகின்றன. அது எட்டாம் வகுப்பு வரைக்குமான சட்டம் என்று கோப்பில் குறிப்பெழுதிவிடலாம்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளை உட்காரலாம் என்றால் பிளஸ் டூ பிள்ளை உட்காரக் கூடாதா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தன்னைத் துன்புறுத்திய சக மாணவர்களைப் பற்றிப் பள்ளியில் புகார் சொன்ன பிளஸ் டூ மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டத் தடை, எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்த சமூக நீதி மாணவர் படை என்று பல பரிந்துரைகள் அதில் உண்டு. உங்கள் பயிற்சியின் பாடத்திட்டத்தை வகுப்பவர்கள் முதலில் அதைப் படிக்கட்டும். 'தைரியமாகப் பேசு' என்று மேடையில் சொல்வது சுலபம். பேசிய பிள்ளை சாயங்காலம் எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போகும் என்பது சொன்னவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாதியைப் பற்றி வாயே திறக்காமல் இந்த மாவட்டத்தில் தலைமைப் பயிற்சி நடத்துவதை என்னால் ஏற்க முடியாது.

ஆகவே என் வேண்டுகோள். பாதிப் பேரைக் குலுக்கல் போட்டு எடுங்கள். விடுதிப் பிள்ளைகளுக்கும் தொழிற்பிரிவுக்கும் இடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பள்ளியின் மாணவர் குழுவும் ஒரே ஒரு குறையை எடுத்து விசாரித்து, கழிப்பறைத் தண்ணீரோ விடுதிச் சாப்பாடோ, உங்களிடம் நேரில் மனுவாகத் தரட்டும். திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாள் பள்ளி நாளாகிவிடும் என்பதால் மாதம் ஒரு சனிக்கிழமை ஒதுக்கலாம். மனுவுக்கு எண் போட்டு, முப்பது நாளில் எழுத்தில் பதில் கொடுங்கள். விருதுநகரில் 'காபி வித் கலெக்டர்' என்று ஆட்சியரே பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசியது நல்ல முன்மாதிரி. காபிக்குப் பிறகு கோப்பும் நகர்ந்தால் இன்னும் நல்லது. மிரட்டல் வந்தால் கூப்பிடக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. அதோடு, கூப்பிட்டதும் வந்து நிற்கிற உள்ளூர் அலுவலர் ஒருவரின் பெயரும் எண்ணும் ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் இருக்க வேண்டும்.

சுற்றறிக்கை இன்னும் பள்ளிகளுக்குப் போகவில்லை என்கிறார்கள். போகும்போது பதில் தரும் கெடுவையும் அதிலேயே அச்சடிக்கச் சொல்லுங்கள். குலுக்கல் நாளன்று மேற்பார்வைக்கு ஆள் குறைந்தால், ஓய்வுபெற்ற நாங்கள் நாலைந்து பேர் வரத் தயாராக இருக்கிறோம், பயணப்படி வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர் ஒருவர்